புதுப்பிப்பு: 560 யூனிட்டிலிருந்து 438க்கு இறங்கியது

இரண்டு மாத மின்சாரக் கணக்கு 560 யூனிட் வந்ததால் ஃபிரிட்ஜை மாற்றலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. குளிர் வெளியே கசிகிறதா என்று அறிய, நீங்கள் சொன்னபடி கதவு ரப்பரில் காகிதம் செருகி இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகவே இருக்கிறது. ஃபிரிட்ஜை மாற்றவில்லை.

பலன் தந்தது, விசிறிகளை மாற்றச் சொன்ன யோசனைதான். நாள்தோறும் 14 மணி நேரம் ஓடும் மூன்று பழைய 75 வாட் விசிறிகளுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) விசிறிகள் போட்டோம். இம்முறை 438 யூனிட். 500ஐத் தாண்டாததால் கட்டண விகிதமும் குறைந்தது, பெரிய நிம்மதி!

எதிர்பாராதது: பழைய ரெகுலேட்டர் வழியாக இணைத்ததும் ஒரு விசிறி ரீங்காரமிட்டது. எலக்ட்ரீஷியன் ரெகுலேட்டரை நீக்கி நேரடியாக இணைத்த பிறகே சரியானது. வாங்குபவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

செட்டாப் பாக்ஸ், ரிமோட்டில் அணைத்தாலும் 11 வாட் இழுக்கிறது. இப்போது சுவிட்சிலேயே அணைக்கிறோம்.