எந்திரனும் 2.0வும்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் காட்சி எது?

செல்லூர் வாசகன்

கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக, சிட்டி என்ற ரோபோவைப் பிரித்துவிடச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிந்தைய காட்சிக்கு வருகிறேன். 2010 அக்டோபரில் ‘எந்திரன்’ வெளியான முதல் வாரத்தில், கல்லூரி நண்பர்களோடு மதுரையில் பார்த்தேன். நம் ஊரில் ரஜினி படத்தின் முதல் வாரம் எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ரயில் சண்டைக்கு நாற்காலி மேல் ஏறி நின்ற அதே கூட்டம், சிட்டி தன் உறுப்புகளைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துக்கொண்டு விடைபெற்றபோது ஒரு விசில்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், “அதை ஏன்யா கழட்டச் சொல்றீங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்று திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டார். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் 2018 நவம்பரில் அதன் தொடர்ச்சியான ‘2.0’ பார்க்கப் போனேன். முதல் படத்தின் கடைசியில், 2030ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தில் ஒரு மாணவி கேட்கும்போது, தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் பிரிக்கப்பட்டதற்குக் காரணம் என்று சிட்டி சொல்லும். சிந்தித்த குற்றத்துக்காகப் பிரித்து வைக்கப்பட்ட ஒன்றை மறுபடி பொருத்தினால், அது தன்னைப் பொருத்தியவர்களைப் பற்றி என்ன நினைக்கும்? இரண்டாம் படம் இந்தக் கேள்வியைத் தொடவில்லை. நகரத்துக்கு ஆபத்து வந்ததும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயுதமாக மட்டுமே சிட்டி திரும்பி வருகிறது. அரங்கம் அதிர்ந்தது உண்மை. என் மனம் அந்தப் பெரியவரின் கேள்வியிலேயே நின்றுவிட்டது.

மேலூர்ப் பக்கத்துப் பறவை நோக்கி

செல்லூர் நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் படத்தின் எதிரியான போராவுக்கு ரோபோக்களை விற்றுப் பணம் பண்ணுவதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. இரண்டாம் படத்தின் பட்சிராஜனுக்கோ ஒரு வாழ்நாள் துயரம் இருக்கிறது. பறவைகள் செத்து விழுவதைப் பார்த்துப் பார்த்து, எங்கெல்லாமோ முறையிட்டு, எவரும் கேளாத நிலையில் செல்பேசிக் கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொள்ளும் அந்த முதியவருக்கு நிகரான பாத்திரம் ‘எந்திர’னில் இல்லை. பறவையியலாளர் சாலிம் அலியை நினைவூட்டும் அவருடைய தாடியையும் தொப்பியையும் பார்த்த உடனே என் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நாங்கள் அரிட்டாபட்டிக்கு அருகில் இருப்பவர்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த மலைகளில் லகுடு வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் தங்குவதைச் சிறு வயதிலேயே எனக்குக் காட்டித் தந்தவர் அப்பா. நா. முத்துக்குமார் மறைந்த பிறகு வெளிவந்த ‘புள்ளினங்காள்’ பாடல் ஒலித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஆனால் என்னை இன்றுவரை உறுத்துவது வேறு காட்சி. செத்த பிறகு ஆவியாகத் திரும்பி, சிட்டியை உருவாக்கிய விஞ்ஞானி வசீகரனின் உடலுக்குள் புகுந்துகொண்ட பட்சிராஜனைப் பணியவைக்க, குட்டி குட்டிச் சிட்டிகள் புறாக்களின் மேலேறி வந்து, அந்தப் புறாக்களையே கொன்றுவிடுவதாக மிரட்டும். அரங்கமே கைதட்டியது. அப்பா மட்டும் என் கையைப் பிடித்து, “அந்தப் புறா யாருக்கு என்னப்பா செஞ்சுச்சு?” என்றார். செல்லூர் நண்பர் குறிப்பிட்ட பெரியவர் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான் என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். இருந்தும், அந்தக் கேள்வியை எழுப்பும் அளவுக்கு இரண்டாம் படம் பறவைகளை நேசிக்க வைத்தது என்றே சொல்வேன்.

திருமங்கலம் அறிவியல் ஆசிரியை

என் அனுபவம் சிறியது. ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றும்போது எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, ‘எந்திர’னின் தீவிபத்துக் காட்சியை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி நெருப்பிலிருந்து அப்படியே தூக்கி வந்து எல்லோர் முன்னிலையிலும் நிறுத்த, அவள் அவமானம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாவாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “டீச்சர், அது அவளைக் காப்பாத்தலை, வெளியே எடுத்துட்டு வந்துச்சு, அவ்வளவுதான்” என்றாள். எந்திரத்துக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டை அதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மேலூர்த் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்சிராஜனின் துயரம் உண்மையானதாக இருக்கலாம். அதற்குப் படம் காட்டும் காரணத்தை அப்படியே உண்மை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது. செல்பேசிக் கோபுரங்கள் வெளியிடுவது அயனியாக்கும் ஆற்றல் இல்லாத ரேடியோ அலைகள். எக்ஸ் கதிரைப் போல அவை அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுப்பதில்லை. சிட்டுக்குருவி குறைந்ததற்கு அந்த அலைகள்தாம் காரணம் என்று அறிவியல் நிறுவவில்லை. படம் வெளிவரும் தறுவாயில், செல்பேசிச் சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பு இதே காரணத்துக்காகத் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. அவர்களுக்குத் தொழில் சார்ந்த நோக்கம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால், புகார் கொடுத்தவர் யார் என்பதைக் கொண்டு அறிவியல் மாறிவிடாது.

குருவி குறைந்ததற்கான காரணங்களை உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். ஓட்டு வீடும் கூரை வீடும் போய்க் கான்கிரீட் வீடுகள் வந்ததால் கூடு கட்டுவதற்கான இடுக்குகள் போயின. குருவி தானியம் தின்னும் என்றாலும் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். வயலில் அடிக்கும் மருந்து அந்தப் புழுவை இல்லாமல் ஆக்கிவிட்டது. வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் இரண்டாம் படத்தைக் காட்டினால், மறுநாளே அவர்களை ஒரு கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போங்கள். சாமநத்தம் கண்மாய் மதுரைக்கு அருகிலேயே இருக்கிறது. காலையில் போய் எந்தப் பறவை எதைத் தின்கிறது என்று எழுதிவரச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், தோட்டத்தில் பூச்சிமருந்தைக் குறையுங்கள். கோபுரத்தைச் சபிப்பதைவிட இவை பறவைகளுக்கு உண்மையாகவே உதவும்.

முதல் படத்தின் அறிவியலும் முழுக்கச் சரியானது என்று நான் சொல்லவில்லை. கட்டளையைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வதால் எந்திரம் எங்கே தவறும் என்பதை அது நேர்மையாகக் காட்டியது. ஆன்மாவை ஆற்றல் என்று அழைத்து அதற்கு அறிவியல் சாயம் பூசும் இரண்டாம் படத்தில் அந்த நேர்மை இல்லை.

திரையரங்கில் வேலை பார்த்தவர்

‘2.0’ ஓடிய நாட்களில் நான் ஓர் அரங்கின் புரொஜெக்டர் அறையில் இருந்தேன். செல்பேசிகள் அலையாகத் திரண்டு சாலையை மூடும் காட்சியில், கீழே இருந்தவர்கள் தங்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எத்தனையோ படங்கள் ஓட்டியும், திரையில் நடப்பதற்காக மக்கள் தங்கள் உடைமையைச் சரிபார்த்ததை வேறெந்தப் படத்திலும் நான் கண்டதில்லை.

3டி கேமராவிலேயே எடுத்த படத்தைச் சாதாரணத் திரையில் பார்த்துவிட்டு முதல் படத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று எல்லோருக்கும் சொல்வேன். ஆனாலும், ‘எந்திர’னில் சிட்டிக்கு இருந்த கனம் இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாபு சிரிலின் கலை இயக்கமும், லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம் செய்து தந்த எந்திரப் பொம்மைகளும், கையால் தொடக்கூடிய ஓர் உடலைத் தந்தன. கலை இயக்கத்துக்கும் சிறப்புக் காட்சிகளுக்கும் அந்தப் படம் தேசிய விருது பெற்றது. நூற்றுக்கணக்கான சிட்டிகள் சேர்ந்து உருண்டையாகவும் பாம்பாகவும் மாறும்போது ஒவ்வொன்றுக்கும் முகம் இருந்தது. ‘2.0’வில் செல்பேசிகள் ஒன்றுசேர்ந்து உருவாகும் கழுகுக்கு அது இல்லை.

பழங்காநத்தம் நூலக வாசகர்

செல்லூர்த் தம்பியின் கேள்விக்கு யாரும் நேராக விடை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த விடை, 2008 பிப்ரவரியில் எழுத்தாளர் சுஜாதா மறைந்தார் என்பதுதான். ‘எந்திர’னின் வசனத்தில் அவருடைய பங்கு இருந்தது; அடுத்ததில் அவர் இல்லை. அவருடைய ‘என் இனிய இயந்திரா’ நாவலை விகடனில் தொடராக வாசித்தவன் நான். புத்தகங்களைப் படித்துப் படித்துச் சொந்தமாக யோசிக்கத் தொடங்கும் ஜீனோ என்ற எந்திர நாயை அவர் ‘மீண்டும் ஜீனோ’வில் தொடர்ந்தபோது, சண்டை போடுவதற்காகத் திரும்ப அழைக்கவில்லை. அது மேலும் யோசித்தது, அதனால் மேலும் சிக்கலில் மாட்டியது.

‘2.0’வில் வசீகரனின் உதவியாளராக வரும் ரோபோவுக்கு நிலா என்று பெயர். ‘என் இனிய இயந்திரா’வின் நாயகிக்கும் அதே பெயர்தான். திரையில் அந்தப் பெயரைக் கேட்ட கணத்தில், சிந்திக்கும் எந்திரத்தின் கதை இப்போது தொடங்கிவிடும் என்று நம்பி நாற்காலியின் நுனிக்கு வந்தேன். சிதைந்து கிடக்கும் சிட்டிக்குச் சிவப்புச் சிப்பைப் பொருத்தலாம் என்ற முடிவை எடுப்பதும் நிலாதான். முதல் படத்தில் சிட்டியைக் கெட்டதாக்கிப் பேரழிவை உண்டாக்கிய அந்தச் சிப்பை, எந்திரம் ஒன்று தெரிந்தே இன்னொரு எந்திரத்துக்குப் பொருத்துகிறது. இரண்டு படங்களிலும் இதைவிடப் பெரிய முடிவை எந்த எந்திரமும் எடுக்கவில்லை. அதைப் பற்றி நிலா என்ன யோசித்தாள் என்று ஒரு நிமிடமாவது காட்டியிருந்தால், சிட்டியை எதற்காகப் பிரித்தார்கள் என்ற கேள்வியை இரண்டாம் படமும் சுமந்திருக்கும்.