எலெக்ட்ரிக் பிரேக்: வயரை மாற்றணுமா, ஷூவை இறுக்கினால் போதுமா?

மலைப்பாதை:
ரெண்டு ஆக்சில் டிரெய்லர், நாலு சக்கரத்திலும் 12 அங்குல எலெக்ட்ரிக் பிரேக். கொலராடோவில் ஐசனோவர் சுரங்கம் தாண்டி டென்வர் பக்கம் இறங்கும்போது, வண்டியிலுள்ள பிரேக் கன்ட்ரோலரில் கெயினை (டிரெய்லர் பிரேக்குக்குத் தரும் பவர் அளவு) முழுசாக ஏற்றியும் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது. கம்பெனி போட்டிருப்பது 14 கேஜ் வயர். அதைவிடத் தடிமனான 10 கேஜாக மாற்றப் போகிறேன். ஆட்சேபணை உண்டா?

பட்டறைக்காரன்:
உண்டு. வயர் கடைசி வேலை, தம்பி. பல டிரெய்லர்களில் பிரேக் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பாகம்) தானாக அட்ஜஸ்ட் ஆகாது. ஷூ தேய்ந்து இடைவெளி கூடிவிட்டால் எவ்வளவு கரன்ட் கொடுத்தாலும் சரியாகப் பிடிக்காது. ஜாக் போட்டுத் தூக்கி, பின் தட்டின் துளை வழியாக ஸ்டார் வீலை, அதாவது ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரத்தை, சுற்றி இறுக்குங்கள். சக்கரம் நின்றதும், லேசான உரசல் கேட்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். சீல் ஒழுகி ஷூவில் கிரீஸ் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலைப்பாதை:
அதெல்லாம் இந்த சீசன் தொடக்கத்திலேயே செய்தாச்சு அண்ணே. கணக்கைப் பாருங்கள். ஷூவை இயக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு மின்காந்தம்; ஒரு காந்தத்துக்குச் சுமார் 3 ஆம்பியர், நாலுக்கு 12. 14 கேஜ் வயருக்கு 1000 அடிக்கு 2.5 ஓம். கொக்கியிலிருந்து ஆக்சில் வரை 25 அடி, போக வர 50. வயரிலேயே 1.5 வோல்ட் போய்விடுகிறது. 10 கேஜில் அது 0.6 தான். கெயினை எவ்வளவு திருகினாலும் கன்ட்ரோலர் பேட்டரி வோல்ட்டுக்கு மேல் தராதே!

பட்டறைக்காரன்:
கணக்கு சரி. ஆனால் 1.5 வோல்ட் என்பது எட்டில் ஒரு பங்குதான். வண்டியையே தள்ளுகிற அளவுக்கு அது மட்டும் காரணமாகாது. வயரைக் கிள்ளி மூடும் பிளாஸ்டிக் இணைப்புகளைத் திறந்து பாருங்கள், செம்பு பச்சை பிடித்திருக்கும். ஆக்சில் குழாய்க்குள் ஓடும் வயரையும் விடாதீர்கள். உள்ளே ஆடி ஆடி உறை தேய்ந்து இரும்பைத் தொட்டுவிடும். ஷார்ட் ஆனால் பிரேக்கே இல்லை.

ஆம்பியர்அக்கா:
ரெண்டு பேரும் அளக்காமல் பேசுகிறீர்கள். பிரேக்குக்குக் கரன்ட் போகும் நீல வயரில், கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் மாட்டி, எஞ்சின் ஓடும்போது கன்ட்ரோலர் லீவரை ஒருவரை முழுசாக அழுத்தச் சொல்லுங்கள். 9 ஆம்பியர் பக்கம் நின்றால் ஒரு காந்தம் வேலை செய்யவில்லை. அப்புறம் பிளக்கிலும் கடைசிச் சக்கரத்திலும் வோல்ட் பாருங்கள். சக்கரத்தில் காந்தத்தின் ரெண்டு வயருக்கும் நடுவே அளக்கணும். சட்டத்தைத் தொட்டு அளந்தால் எர்த் கோளாறு தெரியாது.

மலைப்பாதை:
அளந்துவிட்டேன். பிளக்கில் 13.1, கடைசிச் சக்கரத்தில் 10.2. வெள்ளை எர்த் வயர் இணைப்பு பொடிப்பொடியாக உதிர்கிறது.

பட்டறைக்காரன்:
பார்த்தீர்களா, பாதி நஷ்டம் இணைப்பில்தான். அதை வெட்டி, பசை உள்ள சுருங்கும் உறையோடு கிரிம்ப் செய்தாலே போதும். பழைய வயர் இருக்கட்டும்.

மலைப்பாதை:
மீதிப் பாதி வயரில்தானே அண்ணே? அந்தச் சரிவில் அதையும் விட எனக்கு மனசில்லை. எர்த்தும் சேர்த்து 10 கேஜ் போட்டு, ஆக்சில் குழாய்க்கு வெளியே கொண்டுபோகிறேன்.

பட்டறைக்காரன்:
சரி, போடுங்கள். டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்சும் அதே நீல வயரில்தான் சேரும், அதை மறக்காதீர்கள். அதன் பின்னை இழுத்துச் சோதிக்கும் முன் வண்டிப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் கன்ட்ரோலர் பாழாகலாம்.