எடைமேடைத் தரவு இரவோடு இரவாக நகர்வது: டெல்டா அனுபவங்கள்

மன்னார்குடி உறுப்பினர்:

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் நெல் வாங்கி அரைக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் தரவுப் பரிமாற்றத்தைக் கவனித்து வருகிறேன். எடைமேடைப் பதிவுகள் எல்லாம் எஸ்க்யூஎல் சர்வர் என்ற பழைய தரவுத்தளத்தில் சேர்கின்றன; விவசாயிகளுக்கான பணப் பட்டுவாடா போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைக் கொண்டு நடக்கிறது. ஒவ்வோர் இரவும் ஆள் தலையீடு இல்லாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு போய்ச் சேர வேண்டும். சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும் தை, மாசி மாதங்களில் ஒரு சிப்பம் விடுபட்டாலும் மறுநாள் காலை அந்த விவசாயி வாசலில் வந்து நிற்பார். அது அவருடைய நாற்பது கிலோ நெல் என்பதால், கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

பதிவுகளை ஒவ்வொன்றாகச் செருகுவதைவிட, எஸ்க்யூஎல் சர்வரின் பிசிபி (bcp) கருவியால் கோப்பாக எடுத்து, போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளையால் மொத்தமாக ஏற்றுவது பல மடங்கு விரைவானது. ஆனால், மதிப்பே இல்லாத இடத்தை, அதாவது ‘நல்’ (NULL) என்பதை, பிசிபி வெறுமையாக எழுதுகிறது. ஓர் எழுத்தும் இல்லாத மதிப்பான வெற்றுச் சரம் இருக்கும் இடத்திலோ பூஜ்ய பைட் ஒன்றை வைக்கிறது. எழுத்தர் குறிப்புப் பத்தியில் எதையோ எழுதிவிட்டு அழித்திருந்தால் அங்கே வெற்றுச் சரம்தான் எஞ்சும். பூஜ்ய பைட்டைப் போஸ்ட்கிரெஸ் எழுத்தாக ஏற்பதில்லை என்பதால், அப்படி ஒரே ஒரு பதிவு இருந்தாலும் ஏற்றம் முழுவதும் நின்றுவிடும். எடுக்கும் வினவலிலேயே நல்இஃப் (NULLIF) என்ற செயற்கூறு கொண்டு வெற்றுச் சரத்தை ‘நல்’ ஆக மாற்றிவிடுவதே நாங்கள் கைக்கொண்ட வழி.

நேற்றைக்குப் பின் மாறிய பதிவுகள் எவை என்பதை அறிய, எடைமேடைக் கணினிகளின் கடிகாரத்தை நம்ப முடியாது, ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆகவே, பதிவு மாறும்போதெல்லாம் எஸ்க்யூஎல் சர்வர் தானாகக் கூட்டித் தரும் ரோவெர்ஷன் எண்ணைப் பயன்படுத்துகிறோம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. எழுத்தர்களின் வேலை தடைபடாமலிருக்க முடிந்த மாற்றங்களை மட்டும் காட்டும் ஸ்னாப்ஷாட் முறையில் வாசிப்பதால், முடிவடையாத பரிவர்த்தனையின் (ஒன்றாகவே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பின்) பதிவு நம் கண்ணில் படாது. 500 என்ற எண் பெற்ற பதிவு இன்னும் முடியாமல் இருக்கும்போது 501 முடிந்துவிட்டால், 501 வரை எடுத்ததாகக் குறித்துக்கொள்ளும் நிரல் மறுநாள் 502இலிருந்து தொடங்கும். 500 ஒருபோதும் வந்து சேராது. ‘மின் ஆக்டிவ் ரோவெர்ஷன்’ என்ற செயற்கூறு, இன்னும் முடியாதவற்றின் எண்களில் மிகச் சிறியதைத் தரும்; அதற்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எடுத்தால் இந்த இழப்பு நேராது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, பரிமாற்றம் எந்த நொடியில் அறுந்தாலும் அதை மறுபடி தயங்காமல் ஓட்ட முடிய வேண்டும் என்பதைத்தான். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்கள் எங்கள் பக்கம் பல. புயல் இல்லாத இரவுகளிலும் மின்தடை உண்டு. அதனால் கோப்பை முதலில் ஓர் இடைநிலை அட்டவணையில் ஏற்றி, அங்கிருந்து பதிவு ஏற்கெனவே இருந்தால் அதையே புதுப்பிக்கும் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்’ மூலம் முதன்மை அட்டவணையில் சேர்க்கிறோம். எதுவரை எடுத்தோம் என்ற எண்ணையும் போஸ்ட்கிரெஸிலேயே, அதே பரிவர்த்தனைக்குள் எழுதுகிறோம். சேர்ந்தால் இரண்டும் சேரும், இல்லையேல் இரண்டும் இல்லை. அந்த எண்ணைத் தனிக் கோப்பில் வைப்பவர்களிடம் அதை உடனே மாற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மயிலாடுதுறை உறுப்பினர்:

நீக்கப்பட்ட பதிவை ரோவெர்ஷன் காட்டாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். எடைச்சீட்டை ரத்து செய்யும் வழக்கம் உள்ள இடங்களில், எஸ்க்யூஎல் சர்வர் 2008இல் வந்த, நீக்கங்களையும் குறித்துவைக்கும் சேஞ்ச் டிராக்கிங் வசதியை இயக்கி வைப்பது நல்லது.

எங்களுக்குச் சிக்கல் தமிழ் எழுத்தில் வந்தது. ஊர்வாரி அறிக்கையில் கொரடாச்சேரி இரண்டு வரிகளில் வந்து, கொள்முதல் இரண்டாகப் பிரிந்து நின்றது. பார்வைக்கு இரண்டும் ஒரே பெயர்தான். பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றில் ஒகரக் குறி தனிக் குறியீடாகவும், மற்றொன்றில் எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இருந்தன. யூனிகோடு இரண்டையும் சமமென்றே கொள்கிறது. தரவுத்தளம் பைட்டுகளை ஒப்பிடுவதால் வேறென்று கொள்கிறது. இத்தகைய வடிவங்களை ஒரே வடிவாக்கும் நார்மலைஸ் செயற்கூறு போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ளது. இடைநிலை அட்டவணையிலிருந்து சேர்க்கும்போதே எல்லாப் பெயர்களையும் அதன் வழியாக அனுப்புகிறோம். பழைய தளத்தில் யூனிகோடு அல்லாத பத்தியில் பதிவாகிக் கேள்விக்குறிகளாகிவிட்ட பெயர்களை எந்தச் செயற்கூறும் மீட்காது. அவற்றைப் பரிமாற்றத்திற்கு முன்பே தேடியெடுத்து, காகிதச் சீட்டைப் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது.

பாபநாசம் உறுப்பினர்:

இடையில் எக்செல் கோப்பு புகுந்த இடத்தில் எங்களுக்குப் புல எண்கள் கெட்டன. 12/3 என்பது மார்ச் 12 ஆகிவிட்டது. 45/2 தேதியாக முடியாததால் அப்படியே தப்பியது. சில மட்டும் கெட்டதால் மாதிரிக்குச் சிலவற்றைப் பார்த்தவர்களுக்குப் பிழை தெரியவில்லை. இப்போது எக்செல்லை வழியிலிருந்தே எடுத்துவிட்டோம். ஏற்றம் முடிந்ததும் இரு தளங்களிலும் நிலையவாரியாக, நாள்வாரியாகப் பதிவு எண்ணிக்கையையும் நிகர எடைக் கூட்டலையும் நிரலே ஒப்பிடுகிறது. ஒரு கிலோ வேறுபட்டாலும் அந்த நிலையத்தின் பட்டுவாடாவை மட்டும் நிறுத்தி, பொறுப்பாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது.