களைச்செடி எல்லாம் கீரையா?

கீரைப்பித்தன்:
தானாக முளைப்பதை எல்லாம் களை என்று பிடுங்கி எறிகிறோம். பருப்புக்கீரை, முள்ளுக்கீரை, மூக்கிரட்டை, மணத்தக்காளி எல்லாம் விதைக்காமலே வளர்கிற சாப்பாடு. பருப்புக்கீரையில் இருக்கும் அளவுக்கு ஒமேகா-3 கொழுப்பு கொண்ட கீரைகள் குறைவு. "தெரியாத செடியைத் தொடாதே" என்று சொல்லிச் சொல்லியே தெரிந்த செடியையும் மறக்கடித்துவிட்டார்கள். எளிய விதிகள் இருக்கின்றன: ஒடித்தால் பால் வடியக் கூடாது, பறவை தின்னும் பழமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நச்சரி:
அந்த விதிகளை நம்பி யாரும் வாயில் எதையும் வைத்துவிடாதீர்கள்! ஊமத்தையை ஒடித்தால் பால் வராது. ஆனால் அதன் விதையில் அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற நஞ்சுகள் இருக்கின்றன. தின்றால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, பிதற்றல் ஆரம்பித்துவிடும். பால் வடியும் அத்தி நல்ல பழம். பெல்லடோனா என்ற விஷச்செடியின் பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புகின்றன, மனிதனுக்கோ அது கொடிய விஷம். பறவையின் குடல் வேறு, நம் குடல் வேறு.

சும்மாவந்தேன்:
வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடாதா?

நச்சரி:
எந்த விஷம் என்பதைப் பொறுத்தது. ஆமணக்கு விதையில் உள்ள ரைசின் ஒரு புரதம், நல்ல சூட்டில் சிதைந்துவிடும். அரளியில் இருப்பது இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடு என்ற நஞ்சு. காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது.

கீரைப்பித்தன்:
நண்பரே, நான் கீரையைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் அரளியைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். யார் அரளியைக் கடைந்து சாப்பிடச் சொன்னது? சரி, விஷச்செடியே பேசுவோம். செங்காந்தள் கிழங்கில் உள்ள கோல்ச்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து. நித்தியகல்யாணியிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின். இதய மருந்தான டிஜிடாலிஸ் செடியின் குணத்தை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் எங்கே கண்டுபிடித்தார்? ஒரு மூதாட்டியின் மூலிகைக் கலவையில்! பயந்து ஒதுங்கியிருந்தால் இவை கிடைத்திருக்குமா?

நச்சரி:
நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அந்தக் கலவையில் இருபதுக்குக் குறையாத மூலிகைகள் இருந்தன. வேலை செய்வது எது என்று பிரித்தறிந்து, எவ்வளவு கொடுத்தால் உடம்பில் தேங்கிய நீர் வடியும், எவ்வளவில் வாந்தி ஆரம்பிக்கும் என்று நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 1785இல் எழுதினார். குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. செடியில் அளவு எழுதி ஒட்டியிருக்காது. மண், பருவம், இலையா விதையா என்பதைப் பொறுத்து வீரியம் மாறும்.

வேம்பு:
இடையில் ஒரு வார்த்தை. கீழாநெல்லியை யாரும் இழுக்கவில்லையே என்று பார்த்தேன். 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. பின்னால் வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. மஞ்சள் காமாலைக்கு இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் அந்த இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும்.

கீரைப்பித்தன்:
மருந்து விஷயத்தில் வாதாட வரவில்லை. உணவுக்கு வாருங்கள். நாலு செடியைத் தெரிந்தவரிடம் நேரில் கற்று, அதை மட்டும் பறிப்பதில் என்ன ஆபத்து?

நச்சரி:
இப்படி முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன். ஒன்று மட்டும்: மணத்தக்காளியில் பச்சைக் காய் வேண்டாம், சோலனைன் என்ற நஞ்சு அதில்தான் அதிகம். பருப்புக்கீரைக்கு உங்கள் பால் விதி நன்றாகவே உதவும், அதைப்போலவே தரையில் படர்ந்து, ஒடித்தால் பால் வடியும் அம்மான் பச்சரிசி இனங்களைப் பிரித்துவிடலாம். பருப்புக்கீரையில் ஆக்சலேட் உப்பு அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடட்டும்.

சும்மாவந்தேன்:
அப்புறம் குப்பைமேனி?

வேம்பு:
தோலுக்குப் பூசுவது ஒரு பக்கம் இருக்கட்டும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டு, சிவப்பணுக்கள் உடைந்து மருத்துவமனைக்குப் போனது பதிவாகியிருக்கிறது. அந்தக் குறை தனக்கு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது.