அப்பா சட்டென்று அழுதுவிடுகிறார், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், கோத்தகிரி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 8 மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. இப்போது மெல்ல நடக்கிறார், பேச்சும் தெளிவாகிவிட்டது, ஆனால் அழுகை மட்டும் நிற்கவில்லை. நேற்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "சாப்பிட்டீங்களா அண்ணா" என்று கேட்டார், அவ்வளவுதான், தாடை நடுங்கி, டம்ளரில் இருந்த டீ மடியில் சிந்த, குழந்தை மாதிரி தேம்பினார். ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. "மனசுல ஒண்ணும் இல்லம்மா, அதுவா வருது" என்கிறார். 30 வருஷம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், தாத்தா இறந்தபோதுகூட அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

வெங்காயம் நறுக்கும்போது வரும் கண்ணீரும் துக்கக் கண்ணீரும் ஒரே சுரப்பியிலிருந்துதான் வருகின்றன, துக்கத்துக்கு மட்டும் உத்தரவு மூளையின் உணர்ச்சிப் பகுதிகளிலிருந்து போகிறது. அதைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதை பக்கவாதத்தில் பாதிக்கப்பட்டால் வருத்தமே இல்லாமலும் அழுகை பீறிடும், சிலருக்குச் சிரிப்பு. மாத்திரையும் இருக்கிறது. ஆனால் பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வும் நிறையப் பேருக்கு வருவதால், இது எது என்று தெரியாமல்தான் தவிக்கிறேன். காட்டிய இடத்தில் "வயசாச்சுல்ல" என்று அனுப்பிவிட்டார்கள், அவருக்கு 61தான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா? நரம்பியல் மருத்துவரா, மனநல மருத்துவரா, முதலில் யாரிடம் போனீர்கள்? கோவைக்கு இறங்கினால் கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்குத் தலைசுற்றும், ஒரே நடையில் முடிந்தால் நல்லது. அப்புறம், அழும்போது கூட இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? சமாதானம் சொன்னால் அதிகமாகிறது, பேச்சை மாற்றினால் சீக்கிரம் நிற்கிறது, ஆனால் அம்மா அதைக் கல்நெஞ்சம் என்கிறார்.