ஊட்நடாட்டா டிராக்: சாதாரண எஸ்யூவியில் போகலாமா?

செம்பருந்து கேட்டது:
ஜூலை விடுமுறைக்கு மெல்பர்னிலிருந்து கிளம்பி, தென் ஆஸ்திரேலியாவின் ஊட்நடாட்டா டிராக்கை மாரீயில் பிடித்து மார்லாவில் முடிக்கலாம் என்றிருக்கிறோம். பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். வண்டி ஆல் வீல் டிரைவ் பெட்ரோல் எஸ்யூவி. கம்பெனி போட்டுக் கொடுத்த அதே ரோடு டயர், பின்னால் ஒல்லி ஸ்டெப்னி. இது தாங்குமா? பெட்ரோல் கேன் வேண்டுமா? தண்ணீர் எவ்வளவு எடுக்கணும்?

டயர்பித்தன்:
ரோடு காய்ந்திருந்தால் தாராளமாகப் போகலாம். சுமார் 620 கிலோமீட்டர், மண்ணும் ஜல்லியும்தான். மணல்மேடு ஏறும் வேலையே கிடையாது. வண்டிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி, எந்த டயர் என்பதைத்தான் பார்க்கணும்.

ஒல்லி ஸ்டெப்னியை நம்பிப் போகாதீங்க. தார் ரோட்டில் 80 வேகத்துக்குள் அடுத்த பட்டறை வரை நகர்வதற்குத்தான் அது. அதே அளவு ரிம்மில் முழு டயர் ஒன்று எடுங்க. ஸ்டெப்னிக் குழியில் அது அடங்காது, பின்னால் பட்டை போட்டு இறுக்கிக் கட்டணும். கூடவே பஞ்சர் குச்சி செட், 12 வோல்ட் கம்ப்ரசர், ஒழுங்கான பிரஷர் கேஜ். குச்சி, டயரின் தரைபடும் பகுதிக்கு மட்டும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் டயரை மாற்றியே ஆகணும்.

கதவோர ஸ்டிக்கரில் 35 பிஎஸ்ஐ என்றிருந்தால், ஜல்லி தொடங்கும் இடத்தில் 27, 28க்கு இறக்குங்க. இறுகின டயர் கல்மேல் வளைந்து கொடுக்காமல் குத்து வாங்கும். ஆனால் காற்றை இறக்கினால் வேகத்தையும் 80க்குள் வைக்கணும். இல்லாவிட்டால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி உள்ளுக்குள்ளேயே பிய்ந்துவிடும். ஒரு மணி நேரம் ஓடியதும் அளந்து பாருங்க. குளிர்ந்திருந்தபோது வைத்ததைவிட 4 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. 7, 8 ஏறியிருந்தால் வேகமோ பாரமோ அதிகம், அல்லது காற்று ரொம்பக் குறைவு.

உப்பேரி:
ஊட்நடாட்டாவில் 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி பதிவானது. அதைப் படித்துவிட்டு எல்லோரும் வெயிலுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஜூலைப் பயணத்தைக் கெடுப்பது மழை! நல்ல மழை ஒன்று பெய்தால் களிமண் சக்கரத்தில் அப்பி வண்டி வழுக்கும். அப்போது ஓட்டினால் விழும் தடம் காய்ந்ததும் கல்லாகிவிடும். அதனால்தான் டிராக்கையே மூடிவிடுகிறார்கள். மூடின ரோட்டில் போனால் பெரிய அபராதம். தென் ஆஸ்திரேலிய அரசு வெளியிடும் அவுட்பேக் ரோடு நிலவரத்தைக் கிளம்பும் காலையில் பாருங்க, ஊருக்கு ஊர் ரோட்ஹவுசிலும் கேளுங்க. வில்லியம் கிரீக்கிலிருந்தும் ஊட்நடாட்டாவிலிருந்தும் கூபர் பெடிக்கு ரோடு பிரிகிறது. ஆனால் அவையும் மண் ரோடுதான், அதே மழையில் அதுவும் மூடலாம். ரெண்டு நாள் ஓரிடத்தில் முடங்கினாலும் சமாளிக்கிற மாதிரி லீவு போடுங்க, சாப்பாடும் எடுங்க.

பெட்ரோல் மாரீ, வில்லியம் கிரீக், ஊட்நடாட்டா, மார்லா நாலு இடத்திலும் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 200, 210 கிலோமீட்டர். டேங்க் பாதி இருந்தாலும் ஒவ்வொரு ஊரிலும் முழுசாக நிரப்புங்க. ஓரிடத்தில் பம்ப் ஓடாவிட்டால் 400க்கு மேல் ஓடணும். உங்கள் வண்டிக்கு அது எட்டாது என்றால் மட்டும் 20 லிட்டர் கேன், அதுவும் வெளியே கேரியரில். பெட்ரோல் ஆவியோடு பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்கக்கூடாது.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். நாலு பேருக்கு மூன்று நாள் கையிருப்பு என்றால் 60 லிட்டர். 10 லிட்டர் கேன்களாகப் பிரித்து வையுங்க. குலுக்கலில் ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். 60 கிலோ பாரத்தையும் கணக்கில் சேருங்க.

கம்பிவேலி:
டயர்பித்தன் சொன்னதில் ஒன்று மட்டும் ஒப்பவில்லை. மெல்லிசு ரோடு டயரோடு போனால் முழு ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேணும். இல்லையென்றால் மண், கல் ரோட்டுக்கும் தாங்கும் ஆல் டெரெய்ன் டயர் போட்டுவிட்டு ஒரு ஸ்டெப்னியோடு போகலாம். செலவு எதில் குறைவோ அது.

அலை அலையாக வரிப்பள்ளம் விழுந்த ரோடு நட்டுகளைத் தளர்த்திவிடும். தினமும் காலையில் சக்கர நட்டு, பேட்டரி கிளாம்ப், மேல் கேரியர் போல்ட் மூன்றையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்க. எதிரே ரோடு டிரெய்ன் (பல டிரெய்லர்களை இழுக்கும் நீள லாரி) வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறைங்க, தூசி அடங்கினபின் நகருங்க. வேலியில்லாத மாட்டுப் பண்ணைகள் வழியாகப் போகிறீர்கள், இருட்டினபின் ஓட்டவே கூடாது.

ஊர்களைத் தாண்டினால் மொபைல் சிக்னல் கிடையாது. 406 மெகாஹெர்ட்ஸ் பிஎல்பி (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கையடக்கக் கருவி) ஒன்று எடுத்து, ஆஸ்திரேலியக் கடல் பாதுகாப்பு ஆணையமான அம்சாவில் பதிவு செய்யுங்க, பதிவு இலவசம். யுஎச்எஃப் ரேடியோவில் 40ஆம் சேனல் லாரிக்காரர்களுக்கு, 5 அவசரத்துக்கு மட்டும். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்காதீங்க. வானத்திலிருந்து தேடுபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வண்டிதான்.

செம்பருந்து:
நன்றி. இரண்டு முழு ஸ்டெப்னிக்கு இடமில்லை, ஆல் டெரெய்னே போடுகிறேன். மூன்று பகல் போதுமா? எங்கே தங்குவது?

உப்பேரி:
போதும். முதல் ராத்திரி கவர்ட் ஸ்பிரிங்ஸ், மாரீயிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். போகிற வழியில் லேக் ஏர் சவுத் பார்வையிடமும், பப்ளர் ஊற்றும் வரும். பிள்ளைகளுக்கு ஊற்று பிடிக்கும். அடுத்த நாள் ஊட்நடாட்டா, அதற்குக் கொஞ்சம் முன்னால் முன்பு இந்த வழியே ஓடிய பழைய கான் ரயிலின் அல்ஜிபக்கினா பாலம். மூன்றாம் நாள் மார்லா. ராத்திரி நல்ல குளிர், தடித்த ஸ்லீப்பிங் பேக் எடுங்க. விக்டோரியாவிலிருந்து பழம் எதுவும் கொண்டுவராதீங்க, எல்லையில் பறிமுதலும் அபராதமும் உண்டு.