கூட்டாளிகளைக் குறை சொன்ன நான் 200 ஆட்டங்களைக் குறித்து வைத்தபோது கண்டவை

ஐந்து பேர் ஓர் அணியாக ஆடும் இணைய விளையாட்டு ஒன்றில், வெற்றி தோல்விக்கேற்பப் புள்ளியும் தரமும் மாறும் ரேங்க் ஆட்டங்களை மூன்று ஆண்டுகளாக ஆடி வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளும் கோல்டு தரத்தின் கீழ்ப்படிக்கும் மேற்படிக்கும் இடையிலேயே கழிந்தன. நான் நன்றாகத்தான் ஆடுகிறேன், எனக்கு வாய்க்கும் கூட்டாளிகள்தான் என்னைக் கீழே இழுக்கிறார்கள் என்று அந்தக் காலம் முழுவதும் உறுதியாக நம்பினேன். ஒருநாள் இரவு தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் தோற்ற பிறகு, இந்த நம்பிக்கை உண்மைதானா என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் முதல் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். வென்றோமா தோற்றோமா, எத்தனை புள்ளி ஏறியது அல்லது இறங்கியது, பாதியில் யாராவது வெளியேறினார்களா, அப்படி வெளியேறியவர் எந்த அணி என்ற நான்கு விவரங்கள் மட்டுமே அதில் இருந்தன. 200 ஆட்டங்கள் சேர ஐந்து மாதங்கள் ஆயின.

முதலில் வெளியேறியவர்களின் கணக்கைச் சொல்கிறேன். எங்கள் அணியில் 11 ஆட்டங்களிலும் எதிரணியில் 13 ஆட்டங்களிலும் ஆள் குறைந்திருந்தது. நோட்டு இல்லாமல் என்னைக் கேட்டிருந்தால், எங்கள் பக்கம் முப்பது முறையாவது நடந்தது என்றும், எதிர்ப்பக்கம் இரண்டு மூன்று முறைதான் நடந்தது என்றும் சத்தியம் செய்திருப்பேன். நமக்கு நேர்ந்த இழப்பு மனத்தில் தங்குகிறது, அதே காரணத்தால் கிடைத்த வெற்றியோ நம் திறமையின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அடுத்தது வெற்றிக் கணக்கு. முதல் நூறு ஆட்டங்களில் 47 வெற்றிகள், அடுத்த நூறில் 61. இடையில் நான் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, பயிற்சியும் கூட்டவில்லை. முதல் நூறில் தரம் இறங்கி மனம் நொந்து போனேன், இரண்டாம் நூறில் கோல்டுக்கு மேலுள்ள பிளாட்டினத்தில் நுழைந்து பெருமைப்பட்டேன். இரண்டு உணர்வுகளுக்கும் அடிப்படை இருந்ததா என்று பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். வென்றால் 20 புள்ளி ஏறும், தோற்றால் 20 புள்ளி இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 54 ஆட்டங்களை வெல்லும் திறமை உள்ளவருக்கு, நூறு ஆட்டங்களில் திறமையால் சேரும் புள்ளிகள் சராசரியாக 160. அதே நூறு ஆட்டங்களில் தற்செயலால் மட்டும் ஏற்படும் ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவோ ஏறக்குறைய 200. தரம் ஏற ஏற எதிராளிகளும் வலுவடைவதால் உண்மை நிலை இதைவிடச் சிக்கலானது என்றாலும், நூறு ஆட்டங்கள் ஆடியும் ஒருவருடைய திறமை தற்செயலின் இரைச்சலுக்குள் மறைந்தே கிடக்கக்கூடும் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

இதற்கான காரணத்தைத் தேடித்தான் ரேங்க் முறைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். இவற்றில் பலவற்றுக்கும் முன்னோடி, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ சதுரங்கத்துக்காக வகுத்த முறை. அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் அதை ஏற்றுக்கொண்டன. இருவருக்கும் இடையிலான புள்ளி வேறுபாட்டைக் கொண்டு யார் எவ்வளவு வாய்ப்புடன் வெல்வார் என்று அது முன்கூட்டியே கணிக்கிறது. வேறுபாடு 200 என்றால் மேலே இருப்பவரிடம் ஏறத்தாழ 76 விழுக்காடும், 400 என்றால் 91 விழுக்காடும் எதிர்பார்க்கப்படுகிறது. எதிர்பார்த்ததே நடந்தால் புள்ளிகள் சிறிதளவு மாறும், எதிர்பாராதது நடந்தால் பெரிதாக மாறும். ஆகவே அந்த எண் ஒருவருக்கு வழங்கப்படும் பரிசும் அல்ல, தண்டனையும் அல்ல. அடுத்த ஆட்டத்தைப் பற்றிய ஓர் ஊகம் மட்டுமே அது.

சதுரங்கத்தில் பலகையின் இருபுறமும் ஒவ்வொருவர்தான் அமர்கிறார்கள். அணி ஆட்டத்திலோ வெற்றி அல்லது தோல்வி என்ற ஒரே ஒரு செய்தியைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்களுக்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் உருவாக்கிய ட்ரூஸ்கில் முறை இந்தச் சிக்கலை நேரடியாகவே கையாள்கிறது. அது ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இரண்டு எண்களை வைத்துக்கொள்கிறது: திறமை பற்றிய ஊகம் ஒன்று, அந்த ஊகத்தில் உள்ள ஐயத்தின் அளவு மற்றொன்று. ஒருவரின் திறமையை அடையாளம் காண ஏறக்குறைய எத்தனை ஆட்டங்கள் தேவை என்று அதை உருவாக்கியவர்களே ஒரு கணக்கும் கொடுத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் தனித்தனியாக மோதும் ஆட்டத்தில் 3 போதும், ஒருவருக்கு ஒருவர் மோதும் ஆட்டத்தில் 12 வேண்டும், நால்வர் கொண்ட இரு அணிகள் மோதினால் 46 வேண்டும், எட்டுப் பேர் கொண்ட இரு அணிகள் என்றால் 91 வேண்டும். இந்த எண்களைப் பார்த்த பிறகுதான், ஓர் இரவில் தோற்ற ஏழு ஆட்டங்களை வைத்து என்னையும் என் கூட்டாளிகளையும் எடைபோட்டது எவ்வளவு பெரிய பிழை என்று விளங்கியது. உங்களுடைய அனுபவங்களையும் எழுதுங்கள்.

பதில் 1

நான் என்னைவிட மிகத் திறமையான ஒரு நண்பருடன் ஏறத்தாழ ஓராண்டு இருவர் குழுவாக ஆடி, பிளாட்டினத்துக்கும் மேலான டயமண்டு வரை ஏறினேன். அவர் ஆடுவதை நிறுத்திய பின் தனியாக ஆடியபோது, வென்றால் 14 புள்ளிகளும் தோற்றால் 24 புள்ளிகளும் என்று கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஏதோ குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவதைப் போல உணர்ந்தேன்.

பின்னர்தான் காரணம் புரிந்தது. திரையில் நாம் காணும் பதக்கம் வேறு, எதிராளிகளைத் தேர்ந்தெடுக்க உள்ளே பயன்படும் மறைவான எம்.எம்.ஆர். எண் வேறு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற அணி விளையாட்டு தொடக்கத்தில் எலோ எண்ணையே வெளிப்படையாகக் காட்டியது. 2013இல் தொடங்கிய மூன்றாம் பருவத்தில் அதை மறைத்துவிட்டுத் தரங்களையும் படிகளையும் முன்னால் வைத்தது. நான் ஆடும் விளையாட்டும் அதே வகையைச் சேர்ந்தது. ஒரு தரத்துக்குள் நுழைந்துவிட்டவரைச் சில தோல்விகளுக்காக உடனே கீழே தள்ளாத ஒரு பாதுகாப்பு அதில் உண்டு. நான் தனியாகத் தோற்கத் தோற்க மறைவான எண் வேகமாக இறங்க, பதக்கம் அந்தப் பாதுகாப்பினால் மேலேயே நின்றுவிட்டது. இரண்டையும் மீண்டும் ஒன்று சேர்க்கத்தான் வெற்றிக்குக் குறைவாகவும் தோல்விக்கு அதிகமாகவும் புள்ளிகள் கணக்கிடப்பட்டன. பிளாட்டினத்தின் நடுப்பகுதிக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு பக்கமும் 20ஐ ஒட்டிச் சமமாகிவிட்டன. அந்த இடம்தான் என்னுடையது என்று ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. அந்த ஓராண்டு நண்பருடன் ஆடிய மகிழ்ச்சியை நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பதில் 2

பதினான்கு மாத இடைவெளிக்குப் பின் திரும்பி வந்தவன் நான். முதல் ஆட்டத்தில் தோற்றவுடன், முன்பு எப்போதும் கண்டிராத அளவுக்குப் புள்ளிகள் இறங்கின. அடுத்ததில் வென்றபோது அதே அளவு ஏறின. கணக்கில் ஏதோ கோளாறு என்று எண்ணிப் புகார் அனுப்பும் வரை போய்விட்டேன்.

இந்த உரையாடலைத் தொடங்கியவர் குறிப்பிட்ட ஐயத்தின் அளவுதான் இங்கும் விடை. மார்க் கிளிக்மேன் 1995இல் வகுத்த கிளிக்கோ முறையில் புதியவர் 1500 புள்ளிகளுடனும் 350 என்ற விலகல் அளவுடனும் தொடங்குகிறார். அவருடைய உண்மையான திறமை 800க்கும் 2200க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்று அந்த முறை ஒப்புக்கொள்கிறது என்பதே இதன் பொருள். ஆட ஆட அந்த இடைவெளி சுருங்கும், ஆடாமல் இருந்தால் மெல்ல விரியும். விரிந்திருக்கும்போது ஒவ்வொரு முடிவும் எண்ணை அதிகமாக அசைக்கும். டோட்டா 2 என்ற அணி விளையாட்டு தன் ரேங்க் முறையை 2023இல் இந்த அடிப்படைக்கு மாற்றியது. நீண்ட ஓய்வுக்குப் பின் திரும்புகிறவர்கள் முதல் வாரத்து எண்களைப் பார்த்துக் கலங்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எனக்கு இருபது ஆட்டங்களுக்குப் பிறகு அசைவு அடங்கியது.

பதில் 3

நான் எப்போதும் கூட்டாளிகளைக் குணப்படுத்தும் ஹீலர் பாத்திரத்தையே எடுப்பவள். வெற்றி தோல்வியை மட்டும் பார்ப்பது அநியாயம், தனிப்பட்ட ஆட்டத்தையும் அளந்து புள்ளி தர வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. 2018இல் வெளியான ட்ரூஸ்கில் 2, கில் (வீழ்த்திய எதிராளிகள்) எண்ணிக்கை, குழுவாக ஆடுதல், பாதியில் வெளியேறுதல் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. பழைய முறை 52 விழுக்காடு ஆட்டங்களின் முடிவைச் சரியாகக் கணித்த இடத்தில் புதியது 68 விழுக்காட்டை எட்டியது. ஒருவரின் இடம் விரைவில் தெரியவரும் என்பதால் புதியவர்களுக்கு இது நல்லதுதான்.

ஆனால் அளக்கப்படுவது எது என்று தெரிந்தவுடன் மனிதர்கள் அதைத் துரத்தத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நான் முன்பு ஆடிய ஒரு விளையாட்டில், குணப்படுத்திய அளவு புள்ளியில் சேர்கிறது என்ற செய்தி பரவியது. அதன் பிறகு என்னைப் போன்ற ஹீலர்கள் பலர், சாகப்போகும் ஒருவரைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு, அணிக்காக அடி தாங்கும், அதிக உயிர்ப்புள்ளி கொண்ட டேங்க் பாத்திரத்தை மட்டும் இடைவிடாமல் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் சில வாரங்கள் அதையே செய்தேன். என் அளவுகள் அழகாக இருந்தன, அணி தோற்றுக்கொண்டே இருந்தது. வெற்றியை மட்டும் எண்ணும் முறை மெதுவானது என்றாலும் அணிக்கு உதவாத எதையும் அது பாராட்டுவதில்லை என்பதால், என் நம்பிக்கை அதன் பக்கமே சாய்கிறது.

சென்ற மாதம் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். முதல் பத்து நிமிடங்களில் எங்கள் அணி தன் பக்கத்தைக் காக்கும் கோபுரங்களில் நான்கை இழந்திருந்தது. இருவர் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருக்க, சரணடையலாமா என்ற வாக்கெடுப்பு ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அந்த ஒரு வாக்கு என்னுடையது. திட்டிக்கொண்ட இருவரையும் வெவ்வேறு பாதைகளுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த மோதல் எங்கே எப்போது என்பதை மட்டும் மைக்கில் அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொன்னேன். முப்பத்தெட்டாம் நிமிடத்தில் வென்றோம். முடிவுத் திரையில் என் பெயருக்கு எதிரே இருந்தது ஒரே ஒரு கில். ஐந்து பேருக்கும் ஏறிய புள்ளிகள் ஒரே அளவு, பத்தொன்பது.